ஒன்றும் பூசாத நகம்

வெள்ளிக்கிழமை காலை அபர்டீன் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா செங்காவின் முதுகைக் கடைசித் தடவையாகப் பார்த்தார். திங்கட்கிழமை நாற்பது சின்னச் சின்ன ஒட்டுகளை முதுகில் ஒட்டி, புதன்கிழமை பிரித்து எடுத்திருந்தார்கள். முப்பத்தைந்து இடங்களில் ஒன்றுமில்லை. ஐந்து இடங்களில் மட்டும் தேள் கொட்டியதுபோல் சிவந்து தடித்து நீர் கோத்திருந்தது. அந்த ஐந்தும் ஒரே குடும்பத்துச் சரக்கு. ஜெல் நகப் பூச்சைக் கெட்டிப்படுத்துகிற பிசின்கள்.

செங்கா சட்டையை மாட்டிக்கொண்டு, எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. எட்டு மாதமாகப் பத்து விரல் நுனியும் வெடித்து, நகங்கள் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு, காலையில் கண் இமை வீங்கி எழுந்து நின்றவள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஏதாவது ஒரு கணக்கு சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இது வந்துட்டுப் போறது இல்லம்மா. உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, ஆயுசுக்கும் மறக்காது. நீங்கதான் விலகணும்" என்றார் டாக்டரம்மா.

பல்லை அடைக்கப் போனால் பல் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும். நாளைக்கு முழங்காலோ இடுப்போ மாற்ற வேண்டி வந்தால், எலும்பில் வைத்துப் பூசுகிற சிமெண்டும் இதே பிசின் வகைதான், ஆகையால் அங்கேயும் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசியில்தான் ஒன்று கேட்டார், செங்கா வேலை பார்க்கிற நக அலங்காரக் கடையில் மற்ற பெண்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று. தெரியாது என்றாள் செங்கா. அப்போது அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

ஃப்ரேசர்பர்க்குக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மே மாதத்துக் கடல் மூடுபனி வயலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டடுக்கு பஸ்ஸின் மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். எதையாவது தொட்டால் வலித்தது.

இந்தக் கையை ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்தவள் தங்கை லோர்னாதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கா துறைமுகத்துக்கு மேலே மீன் கொட்டகையில் ஹேடக் வெட்டிக்கொண்டிருந்தாள். லோர்னா அபர்டீனில் ஆறு வாரம் நக வேலை படித்துவிட்டு வந்து, அம்மா வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டாள். சூடான அறை, காய்ந்த தரை, உட்கார்ந்து செய்கிற வேலை. வா அக்கா என்றாள், செங்கா போய்விட்டாள். முன்னறை கடைத்தெருவுக்கு வந்தது, ஒரு மேஜை நான்காயிற்று. ஆனால் வேலை என்னவோ வேலைதான். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், எண்பது விரல். அரத்தால் ராவிய தூசி மூக்கிலும் சட்டைக் கையிலும் படிந்திருக்கும். கழுத்து குனிந்தபடியே இறுகிப்போகும்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஊர் கேட்டது எல்லாவற்றையும் அவள் பூசியிருக்கிறாள். முதலில் சதுர நகம், நுனியில் வெள்ளைக் கோடு. பிறகு பருந்து நகம்போல் கூராக வேண்டும் என்றார்கள். வலைக் கொட்டகையில் வேலை பார்க்கிறவள்கூட அதையே கேட்டு, திங்கட்கிழமை கண்ணியில் மாட்டி ஒடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்து நின்றாள். அப்புறம் பாதாம் வடிவம், அதற்கப்புறம் பால் நிறம். புருவம் ஒரு வருஷம் நூலாக இருக்கும், மறு வருஷம் கம்பளிப்பூச்சியாக ஊரும். வெயிலில் காய்ந்தது போல் உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டு நடனத்துக்குப் போன அதே பெண்கள், கண்ணாடி மாதிரி முகம் வேண்டும் என்று காலையில் ஏழு குப்பி, ராத்திரியில் ஒன்பது குப்பி என்று வரிசை வைத்துத் தடவினார்கள். எது வந்தாலும் அது போகும்போது போன மாதம் வரை அழகாக இருந்தவர்களை அசிங்கமாக்கிவிட்டுத்தான் போகும். அடுத்ததற்கு அவர்களே வந்து உட்காருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோர்னா தன் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, ஒன்றும் பூசாமல் கடைக்கு வந்தாள். இனிமேல் இதுதான் ஸ்டைல் என்றாள். வெறும் நகம், வெறும் முகம், பார்த்தால் ஒன்றுமே செய்யாதது போல் இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாதது போல் இருப்பதற்குத்தான் இருப்பதிலேயே அதிக விலை. நகத்துக்கு எண்ணெய் தடவ ஒரு மணி நேரம், அதற்குத் தனி அறை, மெழுகுவத்தி. கடல் தெருமுனையில் இரைந்துகொண்டிருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் அலையோசை போட்டார்கள். அந்த அறையை லோர்னா பார்த்துக்கொண்டாள். வெளி மேஜையில் ஜெல் வேலையைச் செங்காவும் மற்ற பெண்களும் செய்தார்கள். ஜெல்லும் அப்போது மாறியது. எங்கிருந்தோ பெரிய டப்பாவில் வந்ததைக் குட்டிக் குப்பிகளில் ஊற்றி, லோர்னா பெயரில் தங்க எழுத்து ஒட்டினார்கள். பூசிய ஜெல்லைக் கெட்டியாக்குகிற விளக்கு மட்டும் பழைய விளக்கு.

பஸ்ஸிலிருந்தே செங்கா போன் செய்தாள். லோர்னா அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது எல்லாத் தொழிலிலும் உண்டு என்றாள். நாளையிலிருந்து முன் மேஜையில் உட்கார்ந்து போன் எடு, புத்தகத்தில் பேர் எழுது, சம்பளம் ஒரு பவுண்டுகூடக் குறையாது என்றாள். ஒன்று மட்டும், கடையில் யாரிடமும் இதைப் பேச வேண்டாம். பள்ளிக்கூட நடன விழா சமயம், நகம் போட வருகிறவர்கள் சும்மா பயந்துபோவார்கள். செங்காவுக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. தங்கை தன்னைத் தெருவில் விடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் லோர்னாவின் புருஷன் கிரேம் வந்தான். பத்து நாள் கடலில் இருந்துவிட்டு அன்று காலைதான் படகைக் கட்டியிருந்தான். கரையேறினால் மதினி வீட்டுக்கு நாலு ஹேடக் கொண்டுவருவது அவன் வழக்கம். மீனைக் கழுவக்கூடச் செங்காவால் முடியவில்லை. பதினைந்து வயது மகள் கிர்ஸ்டீன்தான் துண்டுகளை ஓட்ஸ் மாவில் புரட்டி, வெண்ணெயில் போட்டாள். கிரேம் ஈரச் சட்டையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, டீயும் வெண்ணெய் ரொட்டியுமாக உட்கார்ந்தான். சித்தி கொடுத்துவிட்டாள் என்று கிர்ஸ்டீனிடம் ஒரு பெட்டியை நீட்டினான். ரோஸ் நிறப் பெட்டி. உள்ளே ஆறு குப்பி ஜெல், உள்ளங்கை அளவு விளக்கு. அடுத்த வாரம் கடையில் விற்பனைக்கு வரப்போகிற பெட்டி. பள்ளி நடனத்துக்கு முன்னால் அவளும் சிநேகிதிகளும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

டீக் கோப்பையை நகர்த்தும்போது செங்காவின் கையைக் கிரேம் பார்த்தான்.

"உங்களுக்கும் வந்திட்டா மதினி?" என்றான். "லோர்னாவுக்கு இதே மாதிரிதான் வெடிச்சு வெடிச்சு இருந்துச்சு. ஆனா ஜெல்ல விட்டதும் மூணு மாசத்துல தேறிட்டா. நீங்களும் விட்டீங்கன்னா தேறிரும்."

செங்கா கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எப்போ வந்துச்சு அவளுக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்கும். எடின்பரோல தனி டாக்டர்ட்ட காட்டினோம்லா. முதுகெல்லாம் ஒட்டி..." சொல்லிக்கொண்டே போனவன் நின்றான். செங்காவின் முகத்தைப் பார்த்தான். "உங்கட்ட சொல்லலியா அவ?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதற்குப் பிறகு மீனைத் தொடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. வாசலில் நின்று, லோர்னா எல்லாரிடமும் சொல்லியிருப்பாள் என்றே நினைத்திருந்ததாக மட்டும் சொன்னான்.

செங்கா பெட்டியை இழுத்துப் பார்த்தாள். மூடியில் பெரிய எழுத்தில் வீட்டிலேயே பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. ஒரு குப்பியைத் துணியால் பிடித்துத் திருப்பினாள். அடியில் எறும்பு எழுத்தில், தொழில் தெரிந்தவர்கள் மட்டும் பயன்படுத்த என்று இருந்தது. கிர்ஸ்டீன் கையில் கரண்டியோடு, இது எனக்கு வந்தது, ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன் என்று முனகினாள். செங்கா தன் இரண்டு கைகளையும் மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். கிர்ஸ்டீன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.

அன்றிரவு செங்காவுக்குக் கோபம் உடனே வரவில்லை. முதலில் அவள் நினைத்தது கையுறையைத்தான். போன இலையுதிர் காலத்தில் விரல் அரிக்கிறது, நல்ல தடித்த கையுறை வாங்கிக் கொடு என்று லோர்னாவிடம் கேட்டிருந்தாள். கையுறை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, வருகிறவர்களின் மனநிலை கெட்டுவிடும் என்று லோர்னா சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் இருந்தது. அதை நினைத்த பிறகுதான் கோபம் வந்தது, வந்தது அடங்கவில்லை.

சனிக்கிழமை கடை நிரம்பி வழியும். பதினோரு மணிக்குச் செங்கா உள்ளே போனபோது நான்கு மேஜையிலும் ஆள் இருந்தது. சுவரோரம் மூன்று பேர் கோட்டை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். செங்காவின் மேஜையில் லோர்னா உட்கார்ந்திருந்தாள். எதிரே நெட்டா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அறுபத்தோரு வயது. பன்னிரண்டு வருஷமாகச் செங்காவிடம் மட்டுமே கையை நீட்டியவள். பழைய பூச்சை எடுத்தாயிற்று, புதியது இன்னும் ஆரம்பிக்கவில்லை. கைத்தடி நாற்காலியில் சாய்ந்திருந்தது.

"நீ இல்லன்னு சொன்னாவ, சரி முதலாளியம்மா கையால ஒரு தடவை போட்டுக்கிடுவோமேன்னு உக்காந்தேன்" என்றாள் நெட்டா. அடுத்த மாதம் இடுப்பு எலும்பு மாற்றுகிறார்கள், அதற்குள் ஒரு நல்ல நிறம் போட்டுக்கொள்ள வேண்டும், மயக்க மருந்து கொடுக்கிற பையன் அழகாக இருக்கிறானாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

செங்கா கோட்டைக் கழற்றவில்லை. "விரல் அரிக்கா நெட்டா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் அரிக்கும். நுனில தோல் உரியும். குளிருக்குத்தானே?"

லோர்னா எழுந்து, பின்னறைக்கு வா அக்கா என்றாள். செங்கா மறுத்தாள்.

"இங்கனயே பேசுவோம். நீ என்னய யார்ட்டயும் பேசாதன்னு சொன்னேல்லா, அதனால எல்லார் முன்னாலயும் பேசணும். எடின்பரோல உனக்கு என்ன சொன்னாங்க?"

லோர்னா கதவைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரில் ஓடிய அலையோசையை நிறுத்தினாள். கிரேமா சொன்னார் என்று கேட்டாள். யார் சொன்னால் என்ன என்றாள் செங்கா.

"எனக்கு ஒத்துக்கல. நான் விட்டுட்டேன். நூறு பேர்ல ஒருத்தருக்கு வரும்னாங்க" என்றாள் லோர்னா.

"எனக்கும் உனக்கும் ஒரே ரத்தம். எனக்கு வருமான்னு ஒரு நாளாவது நினைச்சியா?"

"நினைச்சேன்."

"நினைச்சுட்டு?"

லோர்னா அரத்தை எடுத்து மேஜையில் நேராக வைத்தாள். "சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே அக்கா? திரும்பி மீன் வெட்டப் போயிருப்பியா? இந்த வயசுல? கடையில நாலு பொண்ணுங்க இருக்காங்க. இந்த ஊர்ல வேற என்ன இருக்கு அவங்களுக்கு?"

"போயிருப்பேன். போகாமலும் இருந்திருப்பேன். அது என் முடிவுல்லா? என் கையி. நீ உன் நகத்த வெட்டிட்டு வந்து ஸ்டைலுன்னு சொன்னே. நானும் நம்பி, என் தங்கச்சி எவ்வளவு எடுப்பா இருக்கான்னு பார்த்திட்டு நின்னேன். உனக்கு வந்தது நோவு ஏட்டி. அத நீ ஃபேஷன்னு வித்துருக்கே. உன் கைய உள்ள வச்சுக்கிட்டு எங்க கைய வெளிய உக்காத்தி வச்சிருக்கே. நேத்து என் பிள்ளைக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கே."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே கடையில் ஒரு அரம்கூட அசையவில்லை. லோர்னா, கிர்ஸ்டீனுக்கு ஒன்றும் ஆகாது, சின்ன வயசு, ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. செங்கா அதைப் பார்த்தாள், கோபம் குறையும் என்று காத்திருந்தாள், குறையவில்லை.

கோட்டுப் பையிலிருந்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நெட்டா முன்னால் வைத்தாள். இடுப்பு மாற்றுவதற்கு முன்னால் பெரிய டாக்டரிடம் இதைக் காட்டு, நகத்துக்கு ஜெல் போடுவேன், விரல் உரிகிறது என்று சொல், ஒட்டிப் பார்க்கச் சொல், சிமெண்ட் வைக்காமலும் எலும்பு மாற்ற வழி இருக்கிறதாம் என்று நிதானமாகச் சொன்னாள். நெட்டா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"நீ எப்ப இருந்து இந்தக் கையோட எனக்குப் போட்டே?" என்று கேட்டாள்.

"எட்டு மாசமா."

"உனக்கும் வாய் இருந்துச்சுல்லா செங்கா."

குளிர், சோப்பு, வயசு என்று எட்டு மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது செங்காவுக்கு ஞாபகம் வந்தது. இருந்துச்சு நெட்டா, தப்புதான் என்றாள்.

நெட்டா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் காலணியை உதறி, மறுபடி உட்கார்ந்து, இரண்டு காலையும் முக்காலியில் தூக்கி வைத்தாள். பத்துக் கால் விரலிலும் சிவப்பு ஜெல்.

"இதையும் எடு" என்றாள் லோர்னாவிடம். "காசு தரமாட்டேன்."

சுவரோரம் காத்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்து, நெட்டாவுக்குப் பின்னால் நின்றாள். நிறம் போட வந்தவள். எனக்கும் எடுத்துவிடு என்றாள். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேஜையில் இருந்த பெண்கள், கையில் பிடித்திருந்த விரலை விட்டுவிட்டு, முதலாளியைப் பார்த்தார்கள்.

லோர்னா மெழுகுவத்தி அறைக் கதவைத் திறந்து, வாசலோரம் இருந்த தன் மேஜையின் இழுப்பறையை இழுத்தாள். உள்ளேயிருந்து பச்சை நிறத்தில், முழங்கை வரை வருகிற தடித்த கையுறையை எடுத்தாள். பிரித்து உபயோகித்த கையுறை. அடியில் பிரிக்காத ஜோடிகள் ஒரு கட்டு இருந்தன. செங்கா கேட்டது அதைத்தான். நெட்டா கையுறையைப் பார்த்தாள், பிறகு செங்காவைப் பார்த்தாள். லோர்னாவின் முகம் கழுத்து வரை சிவந்தது. அந்தக் கட்டை எடுத்து மற்ற மூன்று பெண்களின் மேஜையிலும் ஒவ்வொரு ஜோடியாக வைத்துவிட்டு வந்து, பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு, பூச்சைக் கரைக்கிற அசிட்டோனில் பஞ்சை நனைத்து, நெட்டாவின் கால் கட்டைவிரலில் சுற்றினாள்.

செங்கா முன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். பெயர் எழுதுகிற இந்த வருஷப் புத்தகத்தை ஜனவரி வரை பின்னால் புரட்டினாள். தான் போட்டுவிட்டவர்களின் பெயர்களுக்கு நேராகப் போன் எண்கள் இருந்தன. ரிசீவரை விரல் மூட்டால் எடுத்து, முதல் எண்ணை அழுத்தினாள். லோர்னா தலையை நிமிர்த்திப் பார்த்தாள், தடுக்கவில்லை.

முதல் இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவள், இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று திட்டி வைத்துவிட்டாள். நான்காமவள் எடுக்கவில்லை. ஐந்தாவது ஐசோபெல், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள், புருஷன் இறந்த பிறகு கலங்கரை விளக்கத்துக்குப் போகிற தெருவில் தனியாக இருக்கிறாள். விரலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். செங்கா வைக்கப் போனாள், காலையில் தன் இமை வீங்குவது ஞாபகம் வந்தது. சும்மா கேட்கிற மாதிரி, கண் எப்படி இருக்கிறது, இமை வீங்குமா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஐசோபெல். "போன வருஷம் பூராவும் கண்ணைத் திறக்க முடியல. வீட்ல நாய் பூனை இருக்கான்னு டாக்டர் கேட்டார். நாய் முடிதான் ஒத்துக்கலன்னு நினைச்சு, டக்கிய கிறிஸ்மஸுக்கு முன்னால பீட்டர்ஹெட்ல ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துட்டேன். பதினோரு வருஷம் இருந்துச்சு எங்கூட. ஆனா வீக்கம் இன்னும் போகல செங்கா. வீடெல்லாம் எத்தனையோ தடவை கழுவிட்டேன். இன்னும் எங்கயோ முடி கிடக்கு."

செங்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். வயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு எழுந்து, நெட்டாவின் காலடியில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் நீட்டினாள்.

"ஐசோபெல் பேசுதா. அவ நாய் எதுக்காகப் போச்சுன்னு நீ சொல்லு."

லோர்னா வலது கை கையுறையை விரல் விரலாக உருவிக் கழற்றினாள். நகங்கள் ஐந்தும் ஒட்ட வெட்டி, சுத்தமாக, ரோஸ் நிறத்தில் இருந்தன. வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஐசோபெல், நான் லோர்னா பேசுதேன்" என்றாள்.

செங்கா அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.